நான்காவது தடை

செக்காலை என்ற பெயரைப் பிரித்தால் செக்கு, ஆலை என்று இரண்டு சொற்கள் நிற்கும். உழைப்பின் பெயரைத் தாங்கிய அவ்விடம் இன்று காரைக்குடி நகரத்தின் நெரிசல் மிகுந்த பகுதிகளில் ஒன்றாகிவிட்டது. காலை வேளையில் புத்தகப் பை சுமந்த பிள்ளைகள் சாலையின் இரு மருங்கிலும் போய்க்கொண்டேயிருப்பார்கள். அங்கே நின்று பார்ப்பவருக்குப் பள்ளிக்கூடம் போவது பொழுது விடிவதைப் போல இயல்பாக நிகழும் காரியமென்று தோன்றக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. இந்த நகரம் அடங்கியிருந்த பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில், நூறு ஆண்டுகள்கூட ஆகாத ஒரு காலத்தில், சில சாதியாருடைய குழந்தைகள் எழுத்து வாசிக்கக் கூடாது என்று கூட்டம் கூடி விதி வகுத்திருக்கிறார்கள். அந்த விதியைப் படித்த நாள் முதல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடும் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு தடையைத் தாண்டி ஓடும் பிள்ளையாகவே நான் காண்கிறேன்.

அந்த விதி இந்தச் சீமையில் பிறந்ததுதான் என் மனத்தை மிகுதியும் உறுத்துகிறது. ஏனெனில் எழுத்தின் பலத்தைச் செட்டிநாட்டைப் போல நன்கு அறிந்த பிரதேசம் தமிழகத்தில் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கொண்டுவிற்கச் சென்ற நகரத்தார் குடும்பங்களில், இளம்பிராயத்திலேயே பையன்களுக்குக் கணக்கு பழக்கி, பேரேடு எழுதவும் ஐந்தொகை போடவும் கற்றுக்கொடுத்துக் கப்பலேற்றினார்கள். கடலுக்கு அப்பால் ஒருவன் வாங்கிய பணத்துக்கு இக்கரையில் எழுதி வைத்த ஒரு வரி சாட்சியாக நின்றது. எழுதத் தெரிந்தவன் கையில் செல்வம் தங்கும், எழுதத் தெரியாதவன் கைநாட்டு வைத்துவிட்டு இருப்பதையும் இழப்பான் என்பது இங்கே ஏட்டுப் பாடமன்று, அன்றாட அனுபவம். அப்படியிருக்க, கல்வியை மறுப்பதென்றால் எதை மறுக்கிறோம் என்று அறியாமலா மறுத்திருப்பார்கள்?

1930-ஆம் ஆண்டு டிசம்பரில் அம்மாவட்டத்தில் கள்ளர் சமூகத்து நாட்டார்கள் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் நகையும் வெள்ளி நகையும் அணியலாகாது; ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது; சட்டையோ பனியனோ போடலாகாது; தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளலாகாது; வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கலாகாது; பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேனியை மறைக்கலாகாது, பூச்சூடலாகாது; வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது, காலில் செருப்பு அணியலாகாது. மீறியவர்களின் குடிசைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன. ஆடு மாடுகள் கொள்ளை போயின. அவ்வளவு செய்தும் தடைகள் திருப்தியாக நிறைவேறாமையால், 1931 ஜூனில் மறுபடி கூடிப் பதினொரு தடைகளாகப் பட்டியலை விரித்தார்கள். அவ்வாண்டின் இந்திய மக்கட்கணக்கெடுப்புக்குத் தலைமை ஆணையராயிருந்த ஜே. எச். ஹட்டன் இரண்டு பட்டியல்களையும் பதிவு செய்து வைத்ததனால் அவை நமக்குக் கிடைத்திருக்கின்றன.

இரண்டாவது பட்டியல் ஆதிதிராவிடர்களோடு தேவேந்திரகுல வேளாளர்களையும் சேர்த்துக்கொண்டு பேசுகிறது. அதன் நான்காவது விதி, அவர்களுடைய குழந்தைகள் வாசிக்கவோ எழுத்தறிவு பெறவோ கூடாது என்பது. ஐந்தாவது, அக்குழந்தைகள் மிராசுதாரின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும் என்பது. ஆறாவது, ஆண்களும் பெண்களும் மிராசுதாரின் பண்ணையில் அடிமைகளாக வேலை செய்ய வேண்டும் என்பது. ஏழாவது, மிராசுதாரிடமிருந்து நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்துப் பயிரிடக் கூடாது என்பது. எட்டாவது, சொந்த நிலம் இருந்தால் அதை மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், மறுத்தால் பாசனத்துக்குத் தண்ணீர் விடமாட்டோம், மழைத் தண்ணீரை நம்பி ஏதேனும் விளைந்தாலும் அறுவடைக் காலத்தில் அதைக் கவர்ந்துகொள்வோம் என்பது. ஒன்பதாவது, மிராசுதாரின் கீழ்க் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை கூலி வேலை செய்ய வேண்டும், ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா என்பது. கண்மாய்த் தண்ணீரை நம்பி உயிர் வாழும் சீமையில் மடையை அடைப்பது என்றால் என்ன என்பதை இந்தப் பக்கத்து வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆறாவது விதியில் வரும் ‘அடிமை’ என்ற சொல்லை ஆத்திரத்தில் விழுந்த வசைச் சொல்லாக நான் கருதவில்லை. அதற்கு 88 ஆண்டுகளுக்கு முன் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்ட ஓர் உறவை, அதன் பழைய பெயராலேயே அழைத்து, மீண்டும் நிலைநாட்ட எடுத்த முயற்சி அது. ஆகையால் அந்தப் பழைய உறவைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் அடிமை முறை இருந்ததில்லை என்று நினைப்பவர்கள் இன்றும் உளர். சேக்கிழார் பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணத்தைத் தடுக்க வந்த முதிய வேதியர் கையில் எதைக் கொண்டு வந்தார் என்பதை அவர்கள் நினைவு கூர வேண்டும். அது ஆளோலை, பாட்டன் எழுதிக் கொடுத்ததனால் பேரனும் அடிமை என்று வழக்காடுவதற்குரிய ஆவணம். பக்திக் கதையாகவே அதை நாம் கேட்டு உருகுகிறோம். ஆனால் கதை கேட்டவர்களுக்கு அப்படியோர் ஓலை உலகில் உண்டென்பது புதுமையாக இருந்ததில்லை. பஞ்ச காலத்தில் தன்னையும் தன் பெண்மக்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்ட ஒரு வேளாளனின் செய்தியைத் திருப்பாம்புரத்துச் சோழர் காலக் கல்வெட்டு சொல்கிறது. ஆ. சிவசுப்பிரமணியன் போன்ற ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய ஓலைகளையும் சாசனங்களையும் தேடித் தொகுத்துத் தமிழகத்து அடிமை முறையைத் தனி நூலாகவே எழுதியிருக்கின்றனர். ஆயினும் பெருந்தொகையான அடிமைகள் கோயிலுக்கோ அரண்மனைக்கோ உரியவர்களாக இருந்ததில்லை. வயலுக்கு உரியவர்களாக இருந்தார்கள். பள்ளரும் பறையரும் நிலத்தோடு சேர்ந்தும் சில இடங்களில் நிலத்தை விட்டுத் தனியாகவும் விற்கப்பட்டதை, 1819-இல் சென்னை ராஜதானியின் வருவாய் வாரியம் விசாரித்தபோது ஜில்லாக் கலெக்டர்கள் எழுதி அனுப்பினார்கள். பொருளாதார வரலாற்றாசிரியர் தர்மா குமார், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்திய மக்கள் தொகையில் 10 முதல் 15 சதவீதம் வரை இவ்வாறு நிலத்தில் கட்டுண்ட உழைப்பாளிச் சாதியினர் இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. அந்த அடிமை தன் வாழ்நாளில் சந்தித்த முதல் எழுத்து, பெரும்பாலும், அவனை விற்ற எழுத்துத்தான். பனையோலையில் கீறிய அந்த வரிகளை அவனால் வாசிக்க முடியாது. வாசிக்கத் தெரிந்தவன் சொன்னதே அதன் பொருள். திண்ணைப் பள்ளியில் ஒரு சாதிப் பிள்ளைக்கு அரிச்சுவடியாக வாய்த்த அதே பனையோலை, மற்றொரு சாதிப் பிள்ளைக்கு அவன் பிறப்பதற்கு முன்பே எழுதி முடித்த விலைப் பத்திரமாக வாய்த்தது.

1833-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு தன் குடியேற்ற நாடுகளில் அடிமைத்தனத்தை ஒழித்துச் சட்டம் செய்தபோது, அடிமைகளை இழந்த எஜமானர்களுக்கு இரண்டு கோடி பவுன் நஷ்டஈடு ஒதுக்கியது. உழைத்த அடிமைகளுக்கு ஒரு பென்னியும் ஒதுக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை அச்சட்டத்திலிருந்து விலக்கியும் வைத்தது. நம் நாட்டுக்குரிய சட்டம் பத்து ஆண்டுகள் கழித்து, 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டமாக வந்தது. நான்கே விதிகள். அடிமை என்ற காரணத்தால் எவரையும் அரசாங்க அதிகாரி ஏலத்தில் விற்கக் கூடாது. அடிமைமீது உரிமை கொண்டாடும் எவ்வழக்கையும் நீதிமன்றம் ஏற்காது. அடிமையாயிருந்தான் என்பதற்காக ஒருவன் தேடிய பொருளைப் பறிக்கக் கூடாது. சுதந்திர மனிதனுக்குச் செய்தால் எது குற்றமோ அது அடிமைக்குச் செய்தாலும் குற்றம். இவ்வளவுதான். அடிமையை வைத்திருப்பது குற்றம் என்றுகூட அது சொல்லவில்லை. அடிமை வியாபாரத்தைத் தண்டனைக்குரியதாக்க 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் வர வேண்டியிருந்தது. விடுபட்டவன் எங்கே குடியிருப்பான், எதைப் பயிரிடுவான், அவன் பிள்ளை எங்கே படிக்கும் என்பன பற்றி அந்த நான்கு விதிகளில் ஒரு வாக்கியமும் இல்லை. நீதிமன்றம் அடிமை வழக்கிலிருந்து கையைக் கழுவிக்கொண்டது என்று சொல்லலாமே ஒழிய, அடிமையின் கையைப் பிடித்துத் தூக்கியது என்று சொல்வதற்கில்லை. எனவே ஆளோலை போய்க் கடன் பத்திரம் வந்தது. பிள்ளையின் கலியாணத்துக்கோ தாயின் ஈமச் சடங்குக்கோ வாங்கிய சில ரூபாய்க்குக் கைநாட்டு வைத்தவன் படியாளாகவும் பண்ணையாளாகவும் அதே களத்துமேட்டில் நின்றான். பெயர் மாறியது, மேடு மாறவில்லை.

இனி உலகின் மறுகோடியைச் சற்றுப் பார்ப்போம். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போர் தமிழ்நாட்டு விவசாயிக்குப் பருத்தி விலையின் ஏற்றமாக மட்டுமே வந்து சேர்ந்தது; அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பஞ்சு போவது நின்றதால் நம் கரிசல் சீமைப் பஞ்சுக்கு எதிர்பாராத கிராக்கி ஏற்பட்டது. போர் முடிந்தபோது அங்கே நாற்பது லட்சம் அடிமைகள் விடுதலை பெற்றிருந்தனர். அவர்கள் முதலில் கேட்டவை இரண்டு: நிலம், பள்ளிக்கூடம். நிலம் கிடைப்பதாக ஒரு நம்பிக்கை எழுந்தது. 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் கடலோரத் தோட்ட நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கராகப் பிரித்துக் கொடுக்க ஆணையிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலங்களைப் பழைய எஜமானர்களிடம் திருப்பித் தரச் செய்தார். நிலமற்ற கறுப்பு மக்கள், நம்முடைய வாரச் சாகுபடியைப் போன்ற ஓர் ஏற்பாட்டில், பழைய தோட்டத்திலேயே விதைக்கும் தானியத்துக்கும் கடன்பட்டு நின்றார்கள்.

பள்ளிக்கூடத்தின் கதை அவ்வாறு முடியவில்லை. போருக்கு முன் தென் மாகாணங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதே குற்றம். தென் கரோலினா 1740-லேயே அதற்குச் சட்டம் செய்துவிட்டது. பிரெடரிக் டக்ளஸ் சிறுவனாக பால்டிமோரில் இருந்தபோது எஜமானி அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்க, எஜமானன் வந்து தடுத்துவிட்டான். படித்தவன் அடிமையாக இருக்கத் தகுதியற்றுப் போவான் என்பது அவன் சொன்ன காரணம். அந்தக் காரணத்தைக் காதில் வாங்கிய சிறுவன், விடுதலைக்கு வழி எது என்பதை எதிரியின் வாயாலேயே தெரிந்துகொண்டான். போர் முடிந்ததும் பாட்டனும் பேரனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள்; பகலெல்லாம் வயலில் உழைத்தவர்கள் இரவுப் பள்ளிக்கு வந்தார்கள். வெர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த புக்கர் வாஷிங்டன் தாம் முதன்முதலில் இனம் கண்ட எழுத்து எது என்பதைச் சொல்லியிருக்கிறார்: உப்புக் காய்ச்சும் இடத்தில் தம் மாற்றாந்தந்தையின் பீப்பாய்களில் அடையாளமாக இடப்பட்ட 18 என்ற இலக்கம். 1865-இல் ஏற்படுத்திய விடுதலையாளர் நலத்துறையும் பல தரும சங்கங்களும் கறுப்பு மக்கள் தாமே திரட்டிய பணமும் சேர்ந்து, ஐந்தாண்டுக்குள் ஆயிரக்கணக்கான பள்ளிகள் எழுந்தன. எதிர்ப்பும் எழுந்தது. 1866 மே மாதத்தில் மெம்பிஸ் நகரத்துக் கலகத்தில் கறுப்பு மக்கள் 46 பேர் கொல்லப்பட்டதோடு அவர்களுடைய பள்ளிகள் பன்னிரண்டும் எரிந்தன. எரித்தவர்களுக்குக் குறி தவறவில்லை. இருந்தும் 1870-இல் கறுப்பு மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேராயிருந்த எழுத்தறியாதார் தொகை, 1900-இல் 45-க்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு பெரிய மாறுதல் உலக சரித்திரத்தில் அபூர்வமானது.

அந்தப் பள்ளிகளுக்கும் நம் சீமைக்கும் ஒரு மறைமுகமான உறவு உண்டு. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் 1816-இல் யாழ்ப்பாணத்திலும் 1834-இல் மதுரையிலும் வந்து இறங்கியது. அன்றைய மதுரை மாவட்டத்தில் சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன்களும் அடங்கும். அச்சங்கம் அமெரிக்க அடிமைத்தனத்தை எதிர்த்து உரக்கப் பேசத் தயங்குகிறதென்று மனம் கசந்தவர்கள் 1846-இல் அமெரிக்க மிஷனரி அசோசியேஷன் என்ற தனிச் சங்கம் கண்டார்கள். போருக்குப் பின் பிஸ்க், ஹாம்ப்டன், அட்லாண்டா முதலிய கல்வி நிலையங்கள் எழுவதற்கு முன்னின்று உழைத்தது அந்தப் பிரிந்த கிளைதான். தாய்ச்சங்கம் மதுரைப் பக்கத்தில் பசுமலையிலும் பிற ஊர்களிலும் பள்ளிகள் நடத்தியது. சேரிப் பிள்ளைகள் சிலருக்கு எழுத்து முதன்முதலில் அந்த வழியாகவே வந்தது. மதம் மாற்றும் நோக்கம் அதில் கலந்திருந்தது மெய். மதம் மாற்றும் நோக்கமில்லாத நாம் அதே காலத்தில் அப்பிள்ளைகளுக்காக எத்தனை பள்ளி திறந்தோம் என்ற கேள்விக்கும் விடை சொல்லிவிட்டே அதைக் குறை கூறுவது நியாயமாகும்.

அமெரிக்க விடுதலையின் செய்தியை இந்தியாவில் சரியாகக் கேட்ட செவி ஒன்று உண்டு. மராட்டியத்தில் ஜோதிராவ் புலே, தாம் 1873-இல் எழுதிய குலாம்கிரி என்ற நூலை, நீக்ரோ அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். தமிழ்நாட்டில் அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் பத்திரிகை நடத்தியும் விண்ணப்பம் எழுதியும் கல்வி கேட்டார்கள். செங்கல்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர் 1891-இல் பறையர் நிலைமை குறித்து எழுதிய அறிக்கை அரசாங்கத்தை உலுக்கியது. அதன் பயனாக 1892 செப்டம்பர் 30-இல் பிறந்த அரசாணையின் வழியே தரிசு நிலங்கள் பஞ்சமி நிலமாக வழங்கப்பட்டன. கர்னல் ஆல்காட் 1894-இல் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டார். பக்கத்துத் திருவிதாங்கூரிலோ, புலையர் குலத்தில் பிறந்த அய்யன்காளி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கூலிக்காக அல்லாமல் பள்ளிக்கூடத்துக்காக ஏரை நிறுத்தச் செய்ததை எண்ணுந்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆனால் இவற்றுள் பல நம் சீமையை எட்டவில்லை. பஞ்சமி நிலம் ரயத்துவாரிப் பகுதியில் சர்க்கார் தரிசு இருந்த இடத்தில்தான் கொடுக்கக் கூடியது; சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன் கிராமங்களில் தரிசும் ஜமீனுக்கே உரியது. 1920-ஐ ஒட்டிச் சென்னை அரசாங்கம் தொழிலாளர் இலாகாவை அமைத்துச் சேரிகளில் தனிப் பள்ளிகள் திறக்கத் தொடங்கியது. பொதுப் பள்ளி என்று பெயர் பெற்றவை பெரும்பாலும் கோயில் சாவடியிலோ சாதி இந்துக்களின் தெருவிலோ இருந்தபடியால், தனிப் பள்ளி திறப்பதைத் தவிர அன்று வேறு உபாயம் தோன்றவில்லை போலும். இன்றும் தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த ஏற்பாட்டின் வாரிசுகளாக நடந்துவருகின்றன.

இப்போது 1931-ஆம் ஆண்டுப் பட்டியலுக்குத் திரும்பி, அதைத் தலைகீழாக வாசித்துப் பார்க்கலாம். நடக்காத ஒன்றை எவரும் தடை செய்வதில்லை. நிலத்தை விற்றுவிட வேண்டும் என்று விதி சொல்வதனால் அவர்களுக்கு நிலம் இருந்தது. வாரமும் குத்தகையும் கூடாது என்பதனால் அவர்கள் வாரத்துக்கும் குத்தகைக்கும் எடுத்துப் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். குடை கூடாது என்று முதற்பட்டியல் சொன்னதென்றால் குடை பிடித்து நடந்தவன் ஒருவன் இருந்தான். கலியாணத்தில் தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் வருவதை நிறுத்தி, வீட்டுக் கதவையே பல்லக்காக்கித் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று பதினோராம் விதி சொல்கிறது. அப்படியானால் சேரித் தெருவில் குதிரை மிதித்த கலியாணம் நடந்திருக்கிறது. மேளம் கூடாதென்ற பத்தாம் விதியைப் பார்த்தால் அங்கே மேளமும் முழங்கியிருக்கிறது. குழந்தைகள் வாசிக்கக் கூடாது என்ற நான்காம் விதியோ, ஏதோ ஒரு கூரையின் கீழ் ஏதோ சில குழந்தைகள் அதற்குள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு எதிரியே எழுதிக் கொடுத்த அத்தாட்சி. விடுபட்ட அடிமைகளின் முன்னேற்றத்தை அவர்களே எழுதி வைத்த சரித்திரம் நம்மிடம் குறைவு. அதைத் தடுக்க முயன்றவர்கள் எழுதிய இந்தப் பட்டியல் அக்குறையை ஓரளவு தீர்க்கிறது.

சட்டம் நிலம் தராத சீமையில், சர்க்கார் தரிசு இல்லாத ஜமீனில், அவர்களுக்குச் சொந்த நிலம் எப்படி வந்தது? இந்த மாவட்டத்திலிருந்து பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் கூலிகளாகப் போனவர் ஏராளம். நகரத்தாரின் வட்டிப் பணம் போன அதே கப்பல்களில் இவர்களுடைய உழைப்பும் போயிற்று. கங்காணியிடம் கடன்பட்டுத் துன்புற்ற பலரிடையே, சேர்த்த காசை மடியில் முடிந்துகொண்டு ஊர் திரும்பியவரும் இருந்திருப்பர். அக்காசே காணித் துண்டாகவும் சட்டையாகவும் வெண்கலப் பாத்திரமாகவும் மாறியிருக்க வேண்டுமென்பது என் ஊகம். மேலே சொன்ன விதிகளில் ஐந்திலிருந்து ஒன்பது வரை ஒவ்வொன்றிலும் மிராசுதார் என்ற சொல் வருவதையும் கவனிக்க வேண்டும். ஆகவே ஒரு சாதியார் முழுமையையும் குற்றவாளியாக்க இக்கட்டுரையை எவரும் எடுத்தாள வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். கூலிக்கு ஆள் கிடைக்காமல் போய்விடுமோ என்ற நிலவுடைமையின் அச்சம் சாதியின் குரலை இரவல் வாங்கிப் பேசியது. அந்த அச்சம் விதிகளை எழுதிய வரிசையிலும் ஒரு தெளிவு இருக்கிறது. முதலில் எழுத்து, அடுத்து மாடு மேய்த்தல், அடுத்து அடிமை வேலை, அடுத்து வாரம், அடுத்து சொந்த நிலம். பிள்ளையின் கையிலிருந்து சிலேட்டைப் பிடுங்கினால் தகப்பனிடமிருந்து நிலத்தைப் பிடுங்குவது எளிது என்பதை, 1843-இல் கல்கத்தாவில் சட்டம் எழுதியவர்கள் உணராவிட்டாலும், 1931-இல் தடை எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

தடைகள் பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையிலுள்ள சிராவயலில் இதற்கு நேர்மாறான ஒரு காரியம் நடந்தது. பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்து, சேரன்மாதேவி குருகுலத்தில் சாதிக்கொரு பந்தி வைத்ததைச் சகியாமல் வெளியேறிய ப. ஜீவானந்தம், செட்டிநாட்டுத் தனவந்தர் ஒருவரின் பொருளுதவியோடு அங்கே காந்தி ஆசிரமம் நடத்தினார். அப்போது அவருக்கு இருபது வயது. ஆதிதிராவிடப் பிள்ளைகளும் பிற சாதிப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகத் தங்கிப் படித்தார்கள், நூல் நூற்றார்கள். 1927-இல் காந்தியடிகள் செட்டிநாட்டில் சுற்றுப்பயணம் செய்தபோது, வருணாசிரமம் பற்றித் தம்மோடு முரண்பட்டுக் கடிதம் எழுதிய அந்த இளைஞரைச் சிராவயலுக்கே வந்து சந்தித்தார். சொத்து என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதும், இந்தியாவே என் சொத்து என்று ஜீவா சொன்னதும், நீங்கள்தான் இந்தியாவின் சொத்து என்று அவர் திருப்பிச் சொன்னதும் மேடைதோறும் சொல்லப்படும் செய்தி. எனக்கோ அதைவிட அந்த ஆசிரமத்து வகுப்பறையே பெரிதாகப்படுகிறது. இராட்டையா, ஏடா, எது முதலில் என்ற வழக்கு அங்கே எழாமல் இருந்திராது. அமெரிக்காவில் தொழிற்கல்வியே முதலில் வேண்டுமென்ற வாஷிங்டனுக்கும் உயர்கல்வியை விட்டுக்கொடுக்க மறுத்த டுபாய்ஸுக்கும் நேர்ந்த விவாதம் அதுவேயன்றோ? இவ்விஷயத்தில் என் அபிப்பிராயம் டுபாய்ஸின் பக்கமே சாய்கிறது. கைத்தொழில் தெரியாமல் அந்த மக்கள் ஒருநாளும் இருந்ததில்லை. அவர்களுக்கு மறுக்கப்பட்டது ஏடுதான்.

1934 ஜனவரியில் ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டுக்கு வந்த காந்தியடிகள் தேவகோட்டைப் பக்கத்தில் நாட்டார்களோடு இத்தடைகளின் கொடுமை பற்றிப் பேசினார். பேச்சால் சில இடத்தில் தணிந்தது; சில இடத்தில் தணியவில்லை. 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1956-இல் காமராஜரின் மதிய உணவும் வந்தன. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இல் நாடு முழுவதற்குமாக ஒரு சட்டம் செய்து, கைநாட்டுக் கடன்களை ரத்துச் செய்ய வேண்டியிருந்தது. 1843-இன் முதற்சட்டத்துக்கும் அதற்கும் இடையே 133 ஆண்டுகள்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்கும் கடைகள் வரிசையாக உண்டு. பெரிய வீடுகளிலிருந்து வந்த தேக்குத் தூண்களும் பெல்ஜியம் கண்ணாடிகளும் நிறைந்த அக்கடைகளின் மூலையில் செப்புக் குடங்களும் பித்தளைத் தவலைகளும் அடுக்கியிருக்கும். அவற்றைப் பார்க்கும்போது இரண்டாவது பட்டியலின் மூன்றாவது தடை என் நினைவுக்கு வரும்: செம்பிலோ பித்தளையிலோ அவர்களுடைய பெண்கள் தண்ணீர் எடுக்கக் கூடாது, மண்குடத்தில்தான் எடுக்க வேண்டும், குடத்தின் கீழ்ச் சும்மாடும் துணியால் இருக்கக் கூடாது, வைக்கோலால்தான் இருக்க வேண்டும். நம் வீடுகளில் புதுப் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே உளி கொண்டு பெயர் வெட்டித் தருவார்கள். பழைய குடங்களின் கழுத்தில் புள்ளி புள்ளியாக அந்தப் பெயர்கள் இன்னும் தேயாமல் இருக்கின்றன. அந்தக் குடங்களில் ஏதேனும் ஒன்று, கடல் கடந்து உழைத்துத் திரும்பிய ஒருவன் சேரியிலிருந்த தன் மனைவிக்கு வாங்கிக் கொடுத்ததாக இருந்து, அதன் கழுத்தில் அவள் பெயரும் வெட்டப்பட்டு, பள்ளிக்குப் போய்வந்த அவர்களுடைய பிள்ளை அதை எழுத்துக் கூட்டித் தாய்க்கு வாசித்துக் காட்டியிருந்தால், மூன்றாவது தடையும் நான்காவது தடையும் ஒரே குடத்தில் மீறப்பட்டிருக்கும். அங்கே போகும்போதெல்லாம் நான் குடங்களைத் திருப்பித் திருப்பிக் கழுத்துப் பக்கம் பார்க்கிறேன்.